பிஜிஎம்ஐ: ரத்தம் பச்சையானாலும் ருசி குறையாதது ஏன்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் தொண்டியிலும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். சாயங்காலமானால் இளவட்டங்கள் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆட நாலு நாலு பேராகப் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். "நாக் ஆயிட்டேன்டா, ஓடி வந்து தூக்கு!" என்ற சத்தம் தெருமுனை வரை கேட்கும். பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: சுட்டுத் தள்ளுவதில் அப்படி என்ன சந்தோஷம்?

2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலையில் அதை இந்தியாவுக்கென்று மாற்றி பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) ஆக்கியது. குண்டு பட்டால் தெறிப்பது இப்போது பச்சை. 'கில்' என்ற சொல் 'ஃபினிஷ்' ஆனது. ஆனாலும் ஆடுகிறவர்கள் ஆர்வம் வற்றவில்லை. 2009இல் பிரிஸிபில்ஸ்கி, ரிக்பி, ரையன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம் சொல்கிறது. 'ஹாஃப்-லைஃப் 2' என்ற துப்பாக்கி ஆட்டத்தைச் சிலருக்கு ரத்தக்களரியாகவும், சிலருக்கு எதிராளி மேலெழும்பி மறைந்துபோகும்படி மாற்றியும் கொடுத்தார்கள். ரசிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. கை தேறுகிறது, முடிவு என் கையில் இருக்கிறது என்ற இரண்டு உணர்வுகள்தான் ரசிப்பைத் தீர்மானித்தன. முரட்டுச் சுபாவக்காரர்கள் வன்முறை ஆட்டத்தையே விரும்பினார்கள். ஆனால் அவர்களும் அதைக் கூடுதலாக ரசித்துவிடவில்லை.

பிஜிஎம்ஐயில் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். புதுக் கணக்கில் முதல் சில மேட்ச்களில் வருவது பெரும்பாலும் பாட்கள், அதாவது கணினியே ஓட்டும் ஆட்கள். நேர்கோட்டில் ஓடி வந்து, நின்ற இடத்தில் நின்று சுடுவார்கள். பத்துப் பேரை வீழ்த்தினாலும் சப்பென்று இருக்கும். சுடுவதும் விழுவதும் அதேதான், எதிர்ப்பு இல்லை. சடுகுடுவில் பாடி வருபவனை மடக்கிப் பிடிக்கும்போது யாருக்கும் அவன் முட்டி சிராய்ந்ததில் சந்தோஷம் இல்லையே, அதுபோலத்தான்.

கை தேறுவது முதலில் ரீகாயிலில், அதாவது துப்பாக்கியின் உதைப்பில் தெரியும். சுடச்சுடத் துப்பாக்கி மேலே தூக்கும். விரலைக் கீழே இழுத்துக்கொண்டே சுட வேண்டும். ஏகேஎம் துப்பாக்கியின் அடி பலமானது, ஆனால் முரண்டு பிடிக்கும். எம்416 துப்பாக்கியில் கிரிப், ஸ்டாக் என்ற துணைப் பாகங்களை மாட்டினால் அடங்கி வரும். பழகுகிறவர்கள் அதில் தொடங்குவது நல்லது. ஜைரோவை (போனின் சாய்வை உணரும் சென்சார்) ஆன் செய்து போனையே லேசாகச் சாய்த்துக் குறி பிடித்தால் விரலுக்குப் பாதி வேலை மிச்சம். கவசக் கணக்கும் உண்டு: முதல் நிலை வெஸ்ட் 30 சதவீத அடியைத் தாங்கும், மூன்றாம் நிலை 55. ஏடபிள்யூஎம் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியின் குண்டு தலையில் பட்டால் மூன்றாம் நிலை ஹெல்மெட்டும் காப்பாற்றாது. இதெல்லாம் மனதில் ஏறிய பிறகு ஒவ்வொரு சண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் சவாலாகிவிடுகிறது.

ஆட்டத்தின் ஆகச் சிறந்த வடிவமைப்பு நாக் முறை. ஸ்குவாடில், அதாவது நாலு பேர் அணியாக ஆடும்போது, அடிபட்டு விழுந்தவர் உடனே சாவதில்லை, தவழலாம். கூட்டாளி பக்கத்தில் வந்து 10 விநாடி தூக்கிவிட வேண்டும். அந்த 10 விநாடியும் இருவரும் எதிரிக்குத் திறந்த இலக்கு. மறைப்புக்குப் புகைக்குண்டு (ஸ்மோக்) போடாமல் தூக்கப் போனால் இரண்டு பேரும் காலி. நூறு பேர் ஆட்டத்தில் நாலு பேரை ஒட்டவைப்பது துப்பாக்கியைவிட இந்தப் பத்து விநாடிதான்.

நம் கரையில் ஆட சில விஷயங்கள். பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் தாமதம், 100 மில்லிவிநாடியைத் தாண்டினால் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் அடிபடும். திறமைக்குப் பலன் கிடைக்காததால் எரிச்சல் வருவது அங்கேதான். கிராஃபிக்ஸை ஸ்மூத்தில் வைத்து, ஃப்ரேம் ரேட்டைப் போன் தாங்கும் அளவுக்கு ஏற்றுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை சிக்னலைப் பிடித்து டேட்டா அறுந்துபோவதுண்டு. நெட்வொர்க்கை மேனுவலில் தேர்ந்தெடுங்கள். வியர்வையில் விரல் வழுக்கும், ஃபிங்கர் ஸ்லீவ் (விரலுறை) வாங்கிக்கொள்ளலாம். உப்புக்காற்றில் சார்ஜிங் முனை அரித்துவிடும். ஈரக்கையோடு ஒயரைச் சொருகாதீர்கள். எதிரியின் காலடிச் சத்தம் உயிர்நாடி, ப்ளூடூத்தில் அது தாமதமாக வரும், ஒயர் இயர்போனே மேல்.

வன்முறையைவிட எங்களைக் கவலைப்படுத்துவது க்ரேட். காசு கொடுத்து யூசி என்ற ஆட்டத்துக்குள் செல்லும் பணத்தை வாங்கி, என்ன விழும் என்று தெரியாமல் பெட்டியைத் திறப்பது. விழுவது சட்டையும் துப்பாக்கியின் வெளித்தோற்றத்தை மாற்றும் 'ஸ்கின்'னும்தான். இதில் தேறுவதற்குக் கை வித்தை எதுவும் இல்லை, முழுக்க அதிர்ஷ்டம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம் என்று விளையாட்டே வரம்பு வைத்திருக்கிறது. அப்பா பெயரில் கணக்கு திறந்தால் அந்த வரம்பு வேலை செய்யாது. அதனால் பிள்ளையின் கணக்கைச் சரியான வயதில் திறந்துகொடுத்து, யூபிஐ பின்னை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.