உத்யம் சலுகையா, மேக் இன் இந்தியா முன்னுரிமையா? டெண்டருக்குப் போகும் சிறு பட்டறையின் கணக்கு

கோவையில் எங்களுடையது சின்னப் பட்டறை. நகராட்சி, பேரூராட்சிகளுக்குத் தெருவிளக்குக் கண்ட்ரோல் பேனல் செய்து கொடுக்கிறோம், அவ்வப்போது மத்திய அரசு நிறுவனங்களுக்கும் போகும். அரசு பொருள் வாங்கும்போது உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை உண்டு என்று எல்லாரும் சொல்கிறார்கள், உண்மைதான், ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது இரண்டு தனித்தனி வழியாக வருகிறது. ஒன்று, பொருளில் எத்தனை சதவீதம் இந்தியாவில் ஆனது என்று காட்டி வாங்கும் மேக் இன் இந்தியா முன்னுரிமை. இன்னொன்று, செய்பவர் குறு, சிறு நிறுவனம் என்பதால் கிடைக்கும் உத்யம் வழி. உத்யம் என்பது அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு. இரண்டையும் சேர்த்தே கேட்கலாம், தடை ஏதும் கிடையாது. ஆனாலும் எதை நம்பி விலை போடுவது, எதற்காக உதிரிப்பாகம் வாங்கும் முறையை மாற்றுவது என்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நாங்கள் உத்யத்தை நம்பி விலை போடுவது என்று முடிவு செய்தோம். ஏன் என்று சொல்கிறேன், உங்கள் பொருள் வேறாக இருந்தால் கணக்கும் மாறும்.

முதலில் மேக் இன் இந்தியா. 2017 ஜூனில் வந்த ஆணை, அப்புறம் பல தடவை திருத்தினார்கள், 2020 ஜூன் திருத்தத்தில்தான் இப்போதைய பிரிவுகள் வந்தன. உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கிளாஸ்-1. 20-லிருந்து 50-க்குள் இருந்தால் கிளாஸ்-2. அதற்கும் கீழே என்றால் வெளியாள், 200 கோடி வரைக்குமான சாதாரண டெண்டர்களில் அவர் விலையே போட முடியாது. முன்னுரிமை கிளாஸ்-1-க்கு மட்டும்தான். குறைந்த விலை போட்டவர், அதாவது எல்-1, கிளாஸ்-1 இல்லை என்றால், அவர் விலையிலிருந்து 20 சதவீதத்துக்குள் இருக்கும் கிளாஸ்-1 ஆளைக் கூப்பிட்டு "இந்த விலைக்குக் கொடுப்பீர்களா" என்று கேட்பார்கள். பிரித்துக் கொடுக்கக்கூடிய பொருள் என்றால் பாதி அளவு இவருக்கு வரும்.

உத்யம் வழி 2012-ல் வந்த கொள்முதல் கொள்கை. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 ஆக இருந்தது, 2018-ல் கூட்டினார்கள். விலை இடைவெளி இங்கே 15 சதவீதம், அதற்குள் இருந்து எல்-1 விலைக்கு இறங்கினால் ஆர்டரில் கால் பங்கு கிடைக்கும், பிரிக்க முடியாத பொருள் என்றால் முழுசாகவே கொடுக்கலாம். இ.எம்.டி., அதாவது டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை, கட்ட வேண்டாம். வங்கியில் பணம் முடங்காமல் இருப்பது சின்ன ஆளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்கத் தேவையில்லை.

காகிதத்தில் பார்த்தால் மேக் இன் இந்தியாதான் தாராளம். 15-க்கு 20, கால் பங்குக்குப் பாதி. புதிதாக டெண்டருக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கமே சாய்வதற்கு அதுதான் காரணம்.

உள்ளாட்சி என்று வரும்போது இரண்டுமே நேராகப் பொருந்தாது, இதைக் கவனிக்க வேண்டும். 2012 கொள்கை மத்திய அரசு வாங்குவோருக்கானது, உங்கள் ஊர் நகராட்சியை அது கட்டுப்படுத்தாது. அங்கே 1998-ம் வருட தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ம் வருட விதிகளும்தான் பேசும். மாநிலத்துச் சிறு உற்பத்தியாளருக்கான சலுகை, இ.எம்.டி. விலக்கு எல்லாம் டெண்டர் ஆவணத்திலேயே எழுதியிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுத்தான் விலை போட வேண்டும். மேக் இன் இந்தியா ஆணையோ, மத்திய அரசுப் பணம் முழுசாகவோ பகுதியாகவோ வரும் திட்டம் என்றால் மாநிலமும் உள்ளாட்சியும் வாங்கும் பொருளுக்கும் பொருந்தும். அம்ருத், ஜல் ஜீவன் பணத்தில் வாங்கும் பேனலுக்கு அது உண்டு, பேரூராட்சி தன் பொது நிதியில் வாங்கும் பேனலுக்கு இல்லை. மதிப்பீடு 5 லட்சத்துக்குக் கீழே என்றால் எந்தப் பணமாக இருந்தாலும் இல்லை. சின்ன ஊர்களின் ஆர்டர் பெரும்பாலும் இந்த 5 லட்சத்தைத் தொடுவதே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது அந்தச் சதவீதம்தான், குறிப்பாக அதை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருப்பதில் உள்ள பாடு.

ஆணையில் கணக்கு எளிமையாகத்தான் இருக்கிறது. வாங்கும் பொருளின் மொத்த மதிப்பில் ஜி.எஸ்.டி. போன்ற உள்நாட்டு வரியைக் கழித்துவிட்டு, அதிலிருந்து இறக்குமதிப் பாகங்களின் மதிப்பைச் சுங்க வரியோடு சேர்த்துக் கழித்தால், மிச்சம் உள்நாட்டு மதிப்பு. பாகத்தின் கம்பெனி யாருடையது என்பது இதில் வராது, எங்கே செய்தது என்பதுதான் வரும். பிரெஞ்சுக்காரன் கம்பெனி இந்தியாவில் செய்யும் எம்.சி.பி. (மின்சாரம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) உள்நாட்டுக் கணக்கில் ஏறும், நம்மூர்ப் பெயர் ஒட்டி சீனாவிலிருந்து வரும் மோடம் ஏறாது. இதைப் பல இன்ஜினியர்களுக்கே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது, "வெளிநாட்டு பிராண்டு போட்டிருக்கிறீர்களே, இது எப்படி மேக் இன் இந்தியா" என்று கேட்பார்கள்.

முன்பெல்லாம் போக்குவரத்து, பொருத்திக் கொடுப்பது, பயிற்சி, பிறகு வந்து பழுது பார்ப்பது என்று இதையெல்லாம் உள்நாட்டு மதிப்பில் சேர்த்துச் சதவீதத்தை ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. 2021 மார்ச்சில் அதெல்லாம் சேராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இறக்குமதிப் பொருளை இங்கிருக்கும் விநியோகஸ்தரிடம் வாங்கி, "எனக்கு பில் கொடுத்தது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைதானே" என்று சொல்வதற்கும் 2024 ஜூலைத் திருத்தம் முடிவு கட்டியது. இரண்டுமே நியாயமான திருத்தம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் நாம் ஒவ்வொரு மாடலையும் எடுத்து வைத்துத் திரும்பக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு உதாரணம், புரிவதற்காக முழு எண்ணில் சொல்கிறேன். ஒரு பேனலுக்கு 48,000 ரூபாய் விலை போடுகிறோம், வரி இல்லாமல். பெட்டி, பஸ்பார், வயர், எம்.சி.பி., மீட்டர், ஆள் கூலி, லாபம் எல்லாம் உள்நாடு. மோடத்தோடு கூடிய கண்ட்ரோலர் 15,000, இடி தாங்கும் பாகம் 3,000, விளக்குகளை ஏற்றி அணைக்கும் சுவிட்சான கான்டாக்டர் 4,000, ஆக 22,000 இறக்குமதி. உள்நாட்டு மதிப்பு 26,000, அதாவது 54 சதவீதம். கிளாஸ்-1, நிம்மதி.

டெண்டர் திறந்ததும் எல்-1 விலை 42,000 என்று வருகிறது. நம் 48,000 அவர் விலையிலிருந்து 20 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது, 15 சதவீதத்துக்குள்ளும் இருக்கிறது, அதனால் இரண்டு வழியிலும் கூப்பிடுவார்கள். 42,000-க்கு இறங்குகிறோம். இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். கண்ட்ரோலர்காரன் நமக்காக விலையைக் குறைக்கப் போவதில்லை, இறக்குமதி அதே 22,000. உள்நாட்டு மதிப்பு 20,000 ஆகிவிட்டது, 42,000-ல் அது 48 சதவீதம்கூட இல்லை. விலையைக் குறைத்த அந்த நிமிடமே கிளாஸ்-1 தகுதி போய்விட்டது! எந்தத் தகுதியைக் காட்டி இந்த ஆர்டரைக் கேட்டோமோ அதுவே கையில் இல்லை. நாம் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் நம் லாபத்திலிருந்தும் கூலியிலிருந்தும்தான் போகிறது, அதாவது உள்நாட்டுப் பங்கிலிருந்துதான் போகிறது. 52, 54 என்று விளிம்பில் நிற்கும் பொருளுக்கு இந்த முன்னுரிமையை நம்பி விலை போடவே கூடாது. எல்-1 விலைக்கு இறங்கிய பிறகும் 50 தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் கிளாஸ்-1 பெட்டியில் டிக் போட வேண்டும்.

இதே 42,000-க்கு உத்யம் வழியில் இறங்கினால் கிளாஸ்-2-க்கான 20 சதவீதம் இருந்தால் போதும், 48-ஓ 54-ஓ யாரும் கேட்கப் போவதில்லை. கிளாஸ்-1 ஆட்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பொருள் என்றால் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டு சலுகையும் ஒரே டெண்டரில் மோதினால் யாருக்கு முதலில் என்ற குழப்பமும் இருந்தது, 2023 மே மாதம் நிதி அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. அதன்படி, பிரிக்க முடியாத பொருளில், கிளாஸ்-1 இல்லாத சிறு நிறுவனத்துக்கும் அதன் 15 சதவீத வாய்ப்பு உண்டு.

விலை இறங்குவது ஒரு பக்கம். டாலர் ஏறினால் இறக்குமதி மதிப்பு ஏறும், சதவீதம் இறங்கும். மோடம் சப்ளையர் மாடலை மாற்றினால் புதுக் கணக்கு. கான்டாக்டர் ஸ்டாக் இல்லை என்று வேறு கம்பெனியுடையதைப் போட்டால் அது எங்கே செய்தது என்று திரும்பக் கடிதம் கேட்க வேண்டும், அந்தக் கடிதத்தைக் கொடுக்க எந்த டீலரும் அவசரப்பட மாட்டார். 10 கோடிக்குக் கீழே நாமே கையெழுத்துப் போட்டு உறுதி கொடுத்தால் போதும் என்கிறார்கள், கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் போட்டியில் தோற்றவர் புகார் கொடுத்தால் பில் எல்லாம் எடுத்து நாம்தான் நிரூபிக்க வேண்டும், பொய் என்று ஆனால் இரண்டு வருடம் வரை தடை. அரசு ஆர்டரை நம்பி ஓடும் பட்டறைக்கு இரண்டு வருடம் என்பது மூடுவதற்குச் சமம். 10 கோடிக்கு மேல் ஆடிட்டர் சான்று வேண்டும், அந்த அளவுக்கு நாங்கள் போனதில்லை.

உத்யத்துக்கு இந்தப் பாடு எதுவும் கிடையாது. பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும், ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமானவர்களுக்கு அந்த எண்ணும் போதும். முதலீடும் விற்றுமுதலும் வருமான வரி, ஜி.எஸ்.டி. கணக்கிலிருந்து தானாக வந்து சேரும். 2025 ஏப்ரலிலிருந்து சிறு நிறுவனத்துக்கான எல்லை 25 கோடி முதலீடு, 100 கோடி விற்றுமுதல், எங்களைப் போன்றவர்கள் அதைத் தாண்ட இன்னொரு ஜென்மம் வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தக் கொள்முதல் சலுகை இல்லை, செய்பவருக்குத்தான், அதுவும் நல்லதே. பெண்களின் நிறுவனங்களுக்கு 3 சதவீதம், பட்டியலின, பழங்குடியின உரிமையாளர்களுக்கு 4 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது, அது நடைமுறையில் எப்படிப் போகிறது என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பணம் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேக் இன் இந்தியா ஆர்டர் வாங்கித் தரும், அதோடு அதன் வேலை முடிந்தது. 2006-ன் எம்.எஸ்.எம்.இ. சட்டம் 45 நாளில் பணம் தரச் சொல்கிறது, தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, வாங்கியவர் நகராட்சியாக இருந்தாலும் சரி. கமிஷனர் மாறிவிட்டார், ஃபைல் மேலே போயிருக்கிறது என்ற பதிலோடு ஒரு பில் எங்களுக்கும் மாதக்கணக்கில் நின்றது உண்டு. இந்தச் சட்டப்படி பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதி மன்றத்தில் மனு போடலாம் என்று நாங்கள் சொன்ன பிறகுதான் நகர்ந்தது. தினமும் முகத்தைப் பார்க்க வேண்டிய அலுவலகத்தின் மீது மனு போடுவது லேசான முடிவு இல்லைதான், ஆனால் சொல்வதற்கு ஒரு சட்டம் இருப்பதே பாதி வேலையைச் செய்யும். ஆர்டர் வருவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், ஆர்டர் வாங்கிவிட்டுப் பதிந்தால் வழக்கில் மாட்டிக்கொள்ளும்.

மேக் இன் இந்தியா எங்கே ஜெயிக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்குக் கம்பம், இரும்புப் பெட்டி, குப்பை வண்டியின் பாடி, சிமென்ட் பெஞ்ச் செய்கிறவர்களுக்கு இறக்குமதி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, விலையை எவ்வளவு குறைத்தாலும் 50 கலங்காது. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கிளாஸ்-1 போட்டுப் பாதி அளவைக் கேட்கலாம். நடுத்தர நிறுவனத்துக்கு உத்யம் பதிவு இருந்தாலும் குறு, சிறு நிறுவனக் கொள்முதல் சலுகை கிடையாது, அவர்களுக்கு இது ஒன்றுதான் வழி. அப்புறம், உள்நாட்டிலேயே போதுமான உற்பத்தி இருக்கிறது என்று சம்பந்தப்பட்ட அமைச்சகம் அறிவித்த பொருட்களுக்கு கிளாஸ்-1 ஆட்கள் மட்டும்தான் விலை போட முடியும், அங்கே உத்யம் மட்டும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். அதற்காகவே எங்கள் சாதாரண பேனல் ஒன்றை, மோடம் இல்லாமல் வெறும் டைமரோடு, 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும்படி தனியாக வைத்திருக்கிறோம்.

மத்தியத் திட்டப் பணம் உள்ள டெண்டர் என்றால், விலை போடுவதற்கு முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: உள்நாட்டுச் சதவீதத்தை நான் போட்ட விலையில் பார்ப்பீர்களா, எல்-1-க்கு இறங்கிய விலையில் பார்ப்பீர்களா? பதிலும் எழுத்தில் வரட்டும். கூட்டத்தில் வாயால் "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னது பிறகு புகார் வரும்போது எந்த ஃபைலிலும் இருக்காது.