பேட்டரி மாற்றாத வாட்ச்: சூடா, அசைவா, வெளிச்சமா?

முள் வைத்த சாதாரண குவார்ட்ஸ் வாட்சுக்கு வேண்டிய மின்சாரம் சுமார் 1 மைக்ரோவாட்தான், அதாவது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தச் சொற்ப மின்சாரத்தை வாட்சே தேடிக்கொள்ள ஜப்பான் கம்பெனிகள் மூன்று வழிகளில் முயன்றிருக்கின்றன.

கேட்கவே ஆசையாக இருப்பது சூடுதான். 1998-இல் வந்த சீக்கோ தெர்மிக் உடல் சூட்டிலேயே ஓடியது. பின்மூடி தோலைத் தொட்டுச் சூடாகும், மேல்பக்கம் காற்றில் ஆறும். நடுவில் உள்ள பிஸ்மத் டெலுரைடு என்ற குறைக்கடத்தித் துண்டுகள் அந்த வித்தியாசத்தை மின்சாரமாக்கும். 1821-இல் ஜெர்மன் விஞ்ஞானி சீபெக் கண்டறிந்த விளைவுதான் இது. சிக்கலும் அந்த வித்தியாசத்தில்தான். தோலுக்கும் காற்றுக்கும் இடையே பல டிகிரி இருந்தாலும் துண்டுகளின் இரு முனைக்கும் நடுவே மிஞ்சுவது ஒன்றரை டிகிரி போலத்தான். கிடைத்தது 22 மைக்ரோவாட் அளவு. ஊடே கடந்துபோன சூட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வாட்சுக்கு அதுவே தாராளம், சரி. ஆனால் அக்னி நட்சத்திர மதியத்தில் வேலூர்த் தெருவில் நடந்தால்? காற்றும் தோலும் ஒரே சூட்டில் இருக்கும்போது மின்சாரம் வராது. கழற்றி மேசையில் வைத்தாலும் அப்படித்தான்.

அசைவுக்கு சீக்கோ கைனெடிக். இந்த நுட்பம் 1988-இல் விற்பனைக்கு வந்தது. கை ஆடும்போது உள்ளே ஒரு எடைத்தகடு சுழன்று குட்டி ஜெனரேட்டரை ஓட்டும். நடந்து திரிபவர்களுக்குப் பொருந்தும். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாக இல்லை. பழைய மாடல்களில் மின்சாரத்தைச் சேமித்த கெபாசிட்டர் சில வருடங்களில் தளர்ந்துபோவது வேறு.

வெளிச்சத்தில் ஓடும் முள் வாட்சை சிட்டிசன் 1976-லேயே கொண்டுவந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் இன்றைய எக்கோ-டிரைவ் வாட்சுகளில் டயலுக்கு அடியில் சோலார் செல் மறைந்திருக்கும். வீட்டு விளக்கின் வெளிச்சம் வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது, ஆனாலும் வாட்ச் ஓடப் போதும். ஜன்னலோரம் வைத்தால் சீக்கிரம் நிரம்பும். முழுதாக நிரம்பினால் பல மாடல்கள் இருட்டிலும் ஆறு மாதம் ஓடும். முழுக்கைச் சட்டைக்காரர்கள் அவ்வப்போது வெளிச்சம் காட்டினால் சரி.

மணிக்கட்டுக்கு என் ஓட்டு வெளிச்சத்துக்கே, அதுவும் நம் ஊர் வெயிலுக்குக் கேள்வியே இல்லை. அதற்காகச் சூட்டை ஒதுக்கிவிட முடியாது. ஆலையின் இருட்டு மூலையில் ஓடும் நீராவிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்க்கும் காற்றுக்கும் ஐம்பது அறுபது டிகிரி வித்தியாசம் இரவும் பகலும் நிற்கும். அதில் ஒட்டும் சென்சாருக்குச் சோலார் செல் எதற்கு?