நோரில்ஸ்க், வொர்குதா, கிருனா: ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே எந்தத் தொழில் நகரத்துக்குப் போகலாம்?

பனிக்காட்டுக்கு நடுவே, சுரங்கத்துக்காகவே உருவான ஓர் ஊரை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள் தேடத் தொடங்கினால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ரஷ்யாவின் நோரில்ஸ்க், அதே நாட்டின் வொர்குதா, ஸ்வீடனின் கிருனா. முதல் ஊரில் நிக்கல், இரண்டாவதில் நிலக்கரி, மூன்றாவதில் இரும்பு. மூன்றுமே ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கின்றன. படங்களைப் பார்த்தால் நோரில்ஸ்க்தான் மனதை இழுக்கும். ஆனால் இந்த மாதிரிப் பயணத்தில் ஊரின் புகழைவிட, போக வர எத்தனை வழி இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மைனஸ் 30 பாகையில் ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று இருக்கிறதா? என் தேர்வு முழுக்க இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

நோரில்ஸ்கில் சுமார் 1,75,000 பேர் வாழ்கிறார்கள். அவ்வளவு பெரிய ஊருக்கு நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து சாலையும் கிடையாது, ரயிலும் கிடையாது. மாஸ்கோவிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் பறந்து அலிகெல் விமான நிலையத்தில் இறங்க வேண்டும். கோடையில் மட்டும் இன்னொரு வழி திறக்கும்: கிராஸ்னயார்ஸ்கில் கப்பல் ஏறி, யெனிசேய் ஆற்றோடு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே போய், துதின்கா துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து சாலையில் நோரில்ஸ்க். ஆற்றோட்டத்தோடு போகவே நான்கு நாள் பிடிக்கும். திரும்பும்போது ஓட்டத்தை எதிர்த்து வருவதால் இன்னும் கூடும். குளிர்காலத்தில் பயணிகளுக்கு விமானம் ஒன்றுதான். பனிப்புயல் வீசினால் அதுவும் நின்றுவிடும். அந்த நாட்களில் நகரத்துக்கும் பக்கத்துச் சுரங்கப் பகுதியான தல்நாக்குக்கும் இடையே ஓடும் பேருந்துகள்கூடத் தனியாகப் போகாமல் அணியாகச் சேர்ந்துதான் கிளம்பும்.

அதைவிடப் பெரிய தடை அனுமதி. 2001ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இது வெளிநாட்டவருக்கு மூடிய நகரம். விசா மட்டும் போதாது. ரஷ்யாவின் உள்நாட்டுப் பாதுகாப்பு உளவு அமைப்பான எஃப்.எஸ்.பி.யின் தனி அனுமதி வேண்டும், துதின்காவுக்கும் சேர்த்தே. பெலாரஸ் குடிமக்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வழக்கமாக நம்மை அழைக்கும் நிறுவனமோ உள்ளூர்ப் பயண முகவரோதான் நமக்காக விண்ணப்பிக்க வேண்டும். ஓரிரு மாதம் முன்பே வேலையைத் தொடங்கினால்தான் சரிவரும். மறுக்கப்படவும் வாய்ப்பு இருப்பதால், அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன்பு திரும்பப் பெற முடியாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள்.

வொர்குதாவுக்கும் வெளியிலிருந்து சாலை இல்லைதான், ஆனால் ரயில் இருக்கிறது. அந்த ஒன்றே நிலைமையை மாற்றிவிடுகிறது. மாஸ்கோவிலிருந்து 2,200 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். பெட்டிக்கு ஒரு கொதிநீர்க் கலன் எப்போதும் சூடாக இருக்கும். காடு மெல்ல மெல்லக் குட்டையாகி, கடைசியில் மரமே இல்லாத தூந்திரமாக மாறுவதைப் படுக்கையில் சாய்ந்தபடியே பார்க்கலாம். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்யாவில் டிரோன் எச்சரிக்கையால் விமான நிலையங்களைத் திடீரென மூடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வகையிலும் ரயில்தான் நம்பகமானது. வொர்குதா நகரத்துக்குத் தனி அனுமதி தேவையில்லை. இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கிடைக்கும் ரஷ்ய மின்விசாவே போதும்.

கிருனாவுக்கு மூன்று வழியும் உண்டு. ஸ்டாக்ஹோமிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம், இரவு ரயிலில் 15 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், இவை போக நல்ல நெடுஞ்சாலை. ரயில் எப்போதும் தப்பாது என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் தாது ரயில் ஒன்று தடம் புரண்டதில் கிருனாவுக்கு மேற்கே நார்வேயின் நார்விக் துறைமுகம் நோக்கிப் போகும் பாதை இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. ஆனால் அப்போதும் கிருனாவுக்குப் போக வேறு வழி இருந்தது.

சரி, போய்ச் சேர்ந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது? இங்கேதான் மூன்று ஊர்களின் பிறப்பும் தெரியும். நோரில்ஸ்கும் வொர்குதாவும் ஸ்டாலின் கால வதைமுகாம்களின் மேல் எழுந்தவை. நோரில்ஸ்கில் 1935இல் முகாம் தொடங்கியது. வொர்குதாவுக்குப் போகும் இருப்புப்பாதையைப் போட்டவர்கள் கைதிகள். 1941இன் கடைசியில் பாதை அங்கே எட்டியது. 1953இல், ஸ்டாலின் இறந்த சில மாதங்களிலேயே, இரண்டு இடங்களிலும் கைதிகள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்து நின்றார்கள். நோரில்ஸ்கில் ஷ்மித் மலை அடிவாரத்தில் இருக்கும் நினைவிடத்துக்கும், வொர்குதாவில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் புதைக்கப்பட்ட யுர்-ஷோர் இடுகாட்டுக்கும் போகாமல் திரும்புவது அந்த ஊர்களைப் பார்த்ததாகவே ஆகாது. வடதுருவ ஒளியைப் படம் பிடிக்க மட்டும் இவ்வளவு தூரம் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

வொர்குதாவில் தொழிலைவிட அதன் தேய்வுதான் கண்ணில் படும். 1989இல் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 60,000க்கும் கீழே வந்துவிட்டது. நகரைச் சுற்றி வளையமாக அமைந்த சுரங்கக் குடியிருப்புகளில் பல வெறிச்சோடிவிட்டன. 2016 பிப்ரவரியில் சேவெர்னயா சுரங்க வெடிப்பில் 36 பேர் இறந்தார்கள். அந்தக் காலிக் கட்டடங்களுக்குள் புகுந்து படம் எடுப்பவர்கள் நிறைய. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தளங்கள் உளுத்திருக்கும், விழுந்தால் கேட்கவும் ஆள் இருக்காது. இன்னும் சில குடும்பங்கள் வாழும் இடங்களும் அவற்றில் உண்டு.

நோரில்ஸ்க் இன்னும் முழு மூச்சோடு உழைக்கிற ஊர். உறைநிலத்தில் தூண்கள் இறக்கி அவற்றின் மேல் நிற்கும் வீடுகள், வானத்தில் புகை. நகருக்குள்ளேயே இருந்த நிக்கல் ஆலையை 2016இல் மூடிவிட்டார்கள், ஆனால் செம்பு ஆலை இயங்குகிறது. காற்று திரும்பினால் கந்தக நெடி தெருவுக்குள் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த ஊரைத் தவிர்ப்பதே நல்லது. 2020 மே மாதம் அனல்மின் நிலையத் தொட்டி ஒன்று உடைந்து ஏறத்தாழ 20,000 டன் டீசல் ஆறுகளில் கலந்ததும் இங்கேதான்.

கிருனாவை ஓர் அரசு நிறுவனத்தின் சுரங்கம் தின்றுகொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். எல்.கே.ஏ.பி. என்ற அந்த நிறுவனத்தின் இரும்புத் தாதுப் படிவம் ஊருக்கு அடியில் சரிந்து இறங்குவதால், தோண்டத் தோண்ட மேலே நிலம் பிளக்கிறது. அதனால் நகர மையத்தையே சுமார் மூன்று கிலோமீட்டர் கிழக்கே நகர்த்தியிருக்கிறார்கள். புதிய மையம் 2022இல் திறந்தது. 2025 ஆகஸ்டில் 1912இல் கட்டிய, 672 டன் எடையுள்ள மரத் தேவாலயத்தைப் பிரிக்காமல், முழுதாகச் சக்கரங்களின் மேல் ஏற்றி, இரண்டு நாளில் ஐந்து கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். ஒரு தேரோட்டம் போல ஊரே கூடி நின்று பார்த்தது. இரவு ஒன்றரை மணி வாக்கில் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது படுக்கை அதிர்வதை உணரலாம். முன்பதிவு செய்தால் பேருந்திலேயே தரைக்கு அடியில் 540 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். தொழில் நகரத்தைப் பார்க்கப் போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மற்ற இரண்டு ஊர்களிலும் வெளிநாட்டுப் பயணி ஆலைக்கோ சுரங்கத்துக்கோ உள்ளே போவது எளிதல்ல. கிருனாவில் சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களின் கலைமான் மேய்ச்சல் வழிகளைச் சுரங்கம் எப்படி நெருக்குகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணத்தில் இரண்டு நாடுகளும் நேர் எதிர். வெளிநாட்டு வங்கிகளின் விசா (Visa), மாஸ்டர்கார்டு பண அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. டாலரோ யூரோவோ கொண்டுபோய் மாஸ்கோவிலேயே ரூபிளாக மாற்றிக்கொண்டு வடக்கே கிளம்ப வேண்டும். ஸ்வீடனில் பல கடைகள் ரொக்கமே வாங்காது. ஸ்வீடனுக்கு ஷெங்கன் விசா வேண்டும். செலவும் அங்கேதான் அதிகம், குறிப்பாகத் தங்குமிடம்.

காலம்? டிசம்பர், ஜனவரி வேண்டாம். நோரில்ஸ்கில் அப்போது ஆறு வாரம் சூரியனே எழாது. கிருனாவுக்கும் வொர்குதாவுக்கும் மார்ச் நல்ல மாதம்: பனி அப்படியே இருக்கும், பகல் 12 மணி நேரத்தை எட்டும், கிருனாவில் இரவில் வடதுருவ ஒளிக்கும் இன்னும் வாய்ப்பு உண்டு. நோரில்ஸ்குக்கு ஜூலை பிற்பகுதி அல்லது ஆகஸ்ட். அருகிலுள்ள புத்தொரானா பீடபூமியின் அருவிகளையும் அப்போதுதான் பார்க்க முடியும்.

முதல் முறை போகிறவருக்கு நான் தயங்காமல் கிருனாவைச் சொல்வேன். வரலாற்றின் கனத்தைத் தாங்கும் மனமும் இரண்டு நாள் ரயிலில் இருக்கும் பொறுமையும் உள்ளவருக்கு வொர்குதா. நோரில்ஸ்க்தான் வேண்டும் என்றால் கோடையில், அனுமதியோடு போங்கள். அங்கிருந்து மாஸ்கோ வரும் விமானத்துக்கும் நாடு திரும்பும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது மூன்று நாள் விடுங்கள். விசா முடியும் தேதியும் அந்த மூன்று நாளைத் தாண்டியே இருக்கட்டும்.