கால்வாய்த் தொடர்கள் நான்கு: எதைப் பார்க்கலாம்?

பிரிட்டனின் பழைய கால்வாய்களைப் பற்றி வந்திருக்கும் தொலைக்காட்சித் தொடர்களில் எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், இப்போதைக்கு என் பதில் 'கெனால் போட் டைரீஸ்'. மற்றவற்றைச் சிலது முழுதாகவும் சிலது பாதியுமாகப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்து சேர்ந்தேன். படப்பிடிப்பின் அழகை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் இது கடைசியில்தான் நிற்கும். ஆனாலும் நான் விடாமல் பார்ப்பது இதைத்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போட்டியில் இருப்பவை நான்கு. 2014இல் தொடங்கிய சேனல் 4-இன் 'கிரேட் கெனால் ஜர்னீஸ்'. 2015 மே மாதம் பிபிசி ஃபோர் ஒளிபரப்பிய 'ஆல் அபோர்ட்! தி கெனால் ட்ரிப்'. அதே வருடம் பிபிசியில் வந்த, வரலாற்றாளர் லிஸ் மெக்கைவரின் 'கெனால்ஸ்: தி மேக்கிங் ஆஃப் எ நேஷன்'. அப்புறம் ராபி கம்மிங் என்பவர் தன் படகில் தானே படம்பிடித்து, 2019இல் பிபிசி ஃபோரில் தொடங்கிய 'கெனால் போட் டைரீஸ்'.

நான்கிலும் பொதுவாக வருபவற்றை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். பனிமூட்டம், வாத்துகள், செங்கல் பாலம், மணிக்கு 4 மைல் வேகம், 'அவசரமான உலகத்தில் இப்படி ஓர் அமைதி' என்ற உணர்வு. இவற்றில் யாரும் குறை வைக்கவில்லை.

'கிரேட் கெனால் ஜர்னீஸ்' ஏன் அவ்வளவு பேரைக் கட்டிப்போட்டது என்பது முதல் பகுதியிலேயே புரிந்துவிடும். டிமோதி வெஸ்ட், புருனெல்லா ஸ்கேல்ஸ் இருவரும் நடிகர்கள், 1963இல் திருமணம் செய்துகொண்டவர்கள், வாழ்க்கையின் பெரும்பகுதி படகு ஓட்டியவர்கள். தொடர் வரும்போது புருனெல்லா அம்மாவுக்கு நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை, கண்ணீர் வரவழைக்க ஊதிப் பெரிதாக்கவும் இல்லை. ஒரு திருப்பத்தில் அவர் ஏதோ மறந்து நிற்க, இவர் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பார். படகு போய்க்கொண்டே இருக்கும். இதற்கு ஈடான தொலைக்காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அது ஒரு தாம்பத்தியத்தைப் பற்றிய தொடர். கால்வாய் அதற்குப் பின்னணி. வெளிநாடுகளுக்கெல்லாம் போகத் தொடங்கிய பிறகு, கேரளத்துக் காயல்வரை வந்தார்கள், பின்னணி என்பது இன்னும் உறுதியாகிவிட்டது. அவர்களுக்குப் பின் ஷீலா ஹான்காக்கும் கைல்ஸ் பிரான்ட்ரெத்தும் பொறுப்பேற்ற பகுதிகளை நான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பார்த்தேன். அவற்றைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

'ஆல் அபோர்ட்!' வேறு ஜாதி. பாத் நகரின் மேல் லாக்கில் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) கிளம்பி டண்டாஸ் தொட்டிப்பாலம் வரை இரண்டு மணி நேரம், படகின் முன்னால் ஒரு கேமரா. வர்ணனை கிடையாது, இசை கிடையாது. தகவல் எழுத்துகள் மட்டும் கரையோடும் பாலத்தோடும் ஒட்டி மிதந்து போகும். நார்வேக்காரர்கள் 2009இல் பெர்கன் ரயில் பயணம் முழுவதையும் ஏழு மணி நேரத்துக்கு மேல் அப்படியே காட்டினார்களே, அந்த வழியில் வந்தது. ஒரு முறை பார்க்கலாம். இரண்டாம் முறை தூங்கிவிட்டேன், அதையும் பாராட்டாகவே சொல்கிறேன்.

சரி, நான் எதை வைத்து அளக்கிறேன் என்பதற்கு வருவோம். மராமத்து. ஒரு கால்வாய் நிகழ்ச்சி அந்தக் கால்வாயை இன்றைக்கும் யார், எப்படி, எந்தக் காசில் ஓடவைக்கிறார்கள் என்று காட்டுகிறதா? என்னைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆறு தானாக ஓடும். கால்வாய் அப்படியல்ல. அதிலும் மேடு ஏறி இறங்கும் கால்வாய்க்கு நீர்க்கணக்கு ரொம்பக் கறாரானது. லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகை உள்ளே விட்டு, மதகைத் திறந்து நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு முறை படகு தாண்டும்போதும் ஒரு தொட்டி நீர் கீழே போய்விடும். குறுகலான லாக்குக்கே அது 1 லட்சம் லிட்டரைத் தாண்டும். அகலமான லாக்குக்கு இரு மடங்கு. மேட்டின் உச்சியில் இருக்கும் நீர் இரு பக்கமும் இப்படி இறங்கிக்கொண்டே இருந்தால், அதை யாராவது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் மலைமேல் நீர்த்தேக்கங்கள், பம்ப் நிலையங்கள். லாக் கதவுகள் ஓக் மரத்தால் ஆனவை, சில பத்தாண்டுகளில் உளுத்துவிடும். அடியில் சேறு சேரும், தூர்வார வேண்டும். கரையில் மரவேர் நுழைந்தால் கசிவு, கசிவு வளர்ந்தால் உடைப்பு.

தொலைக்காட்சியில் இதில் எவ்வளவு வருகிறது? உண்மையில் ஒரு லாக்கைத் தாண்டப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். திரையில் அது இருபது விநாடி. கதவு திறக்கும், நீர் நுரைக்கும், படகு மேலே வந்திருக்கும். அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே தோன்றாது.

கென்னட்–ஏவன் கால்வாயையே எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் தம்பதி முதல் பயணத்துக்குப் போனதும் அங்கேதான், 'ஆல் அபோர்ட்!' படகு போவதும் அங்கேதான். 1810இல் முழுதாகத் திறந்த கால்வாய் அது. 1950களில் படகு போக முடியாத நிலைக்கு வந்துவிட்டது. 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் அரசுக் கால்வாய்களை மூன்று வகையாகப் பிரித்தபோது இது மூன்றாவதில், 'மிச்சம்' என்ற வகையில் விழுந்தது. ஆபத்து வராத அளவுக்குக் குறைந்த செலவில் பார்த்துக்கொண்டால் போதும் என்ற வகை. பல வருடம் தன்னார்வலர்கள் சேற்றில் இறங்கி வேலை செய்து, பணம் திரட்டி, 1990இல்தான் ராணி எலிசபெத் அதை மறுபடி திறந்துவைத்தார். இன்று அதில் மிதக்கும் ஒவ்வொரு அழகான காட்சியும் அந்த உழைப்பின் மேல்தான் மிதக்கிறது. 'ஆல் அபோர்ட்!' கடந்துபோகும் வழியிலேயே கிளாவர்டன் பம்ப் நிலையம் இருக்கிறது. 1813இல் ஜான் ரென்னி கட்டியது. ஏவன் ஆற்றின் ஓட்டத்தாலேயே சக்கரம் சுழன்று, அதே ஆற்று நீரை ஏறக்குறைய 47 அடி உயரத்திலுள்ள கால்வாய்க்கு ஏற்றும். கரியும் வேண்டாம், காற்றும் வேண்டாம். இப்போது அன்றாட வேலையை மின்பம்ப் பார்த்துக்கொள்கிறது. அந்தச் சக்கரத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றால் அந்தக் கால்வாயின் பாதிக் கதை தெரிந்துவிடும். ஆனால் நிற்காமல் போவதுதான் அந்த நிகழ்ச்சியின் விதி. என்ன செய்ய?

மராமத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது பழங்கதையும் இல்லை. 2018 மார்ச்சில் மிடில்விச் கிளைக் கால்வாயில் கரை உடைந்து படகுகள் தரையில் உட்கார்ந்தன. லாக்கின் மதகுகளை யாரோ திறந்தபடி விட்டுப் போனதால் நீர் கரைமீறியது என்றார்கள். சரிசெய்து திறக்க அந்த வருடக் கடைசியாகிவிட்டது. 2019 ஆகஸ்டில் பீக் ஃபாரஸ்ட் கால்வாய்க்கு நீர் தரும் டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் கலிங்கு பெயர்ந்து, கீழேயுள்ள வேலி பிரிட்ஜ் ஊரிலிருந்து 1,500 பேர் அளவில் வெளியேற்றப்பட்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் கல் மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டு அடைத்தது. 2025 கோடையில் நீரில்லாமல் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் லாக்குகளைப் பூட்டினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழியைப் பார்த்துக்கொள்வது 2012இல் உருவான கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. அதற்கு வரும் அரசு மானியம் 2027 முதல் குறைந்துகொண்டே போகும் என்று 2023இல் அறிவித்துவிட்டார்கள். இத்தனையும் நடக்கும்போது, கால்வாய் என்றால் ஓய்வும் தேநீரும் மட்டுமே என்று ஒரு தொடர் காட்டினால் எனக்கு ஒட்டவில்லை.

இங்கேதான் 'கெனால் போட் டைரீஸ்' தனியாக நிற்கிறது. ராபி கம்மிங் 'நாட்டி லாஸ்' என்ற தன் நேரோபோட்டில், அதாவது குறுகலான கால்வாய்ப் படகில், குடியிருப்பவர். படக்குழு இல்லை. அவரே சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவரே கேமராவையும் வைக்கிறார். இதனால் ஒரு நல்ல விளைவு: கஷ்டத்தை வெட்டி எறிய முடியாது. தனி ஆளாக ஒரு லாக்கைத் தாண்டுவதென்றால், படகைக் கட்டிவிட்டு ஏணியில் ஏறி, கதவை முதுகால் தள்ளி, கைப்பிடியால் மதகைத் திருகி, மறுபடி இறங்க வேண்டும். நாம் அதைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. ப்ரொப்பல்லரில் பிளாஸ்டிக்கும் துணியும் சுற்றிக்கொண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, பின்பக்க மூடியைத் திறந்து, குளிர்ந்த நீருக்குள் கையை விட்டு அறுத்தெடுக்க வேண்டும். நீர் குறைந்த இடத்தில் படகு தரைதட்டும். எஞ்சின் முரண்டு பிடிக்கும். மழை நாளில் மழைதான்.

பார்க்கப் பார்க்க எனக்குப் புரிந்தது, இந்தத் தொல்லைகள்தான் கால்வாயின் உடம்பைக் காட்டுகின்றன. எங்கே தூர்வாரவில்லை, எந்தக் கதவு ஒழுகுகிறது, எந்த ஊர் தன் கால்வாயைக் குப்பைத்தொட்டியாக வைத்திருக்கிறது, எந்த ஊர் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. ஒருவர் உட்கார்ந்து பாடம் எடுக்காமலேயே இவை வந்துவிடுகின்றன. ஆலைச் சுவர்கள், கைவிட்ட கிடங்குகள், கரையோரத்துப் புதுக் குடியிருப்புகள் எல்லாம் படகு ஓட்டுகிறவனின் கண்மட்டத்தில் வருகின்றன. மேலிருந்து ட்ரோன் காட்டும் ஓவியமாக மட்டும் நின்றுவிடவில்லை. ட்ரோன் காட்சிகளும் உண்டுதான், ஆனால் அடக்கமாக.

இந்தப் பார்வைக்கு ஒரு முன்னோடி உண்டு, கால்வாய்க்காரர் அல்ல. போல்டன் ஊரின் ஃபிரெட் டிப்னா. ஆலைப் புகைபோக்கிகளில் ஏறிப் பழுது பார்ப்பது அவர் தொழில். 1979இல் பிபிசி அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கப் போய், பிறகு 2004இல் இறக்கும்வரை தொழில்புரட்சிக் காலத்து எச்சங்களைப் பற்றி அவரே பல தொடர்களை நடத்தினார். பழுது பார்க்கத் தெரிந்த அந்த ஆள்தான் புகைபோக்கிகளை இடிக்கவும் வேண்டியிருந்தது. வெடிமருந்து வைக்க மாட்டார். அடியில் செங்கல்லை வெட்டியெடுத்து, மரத்தை முட்டுக்கொடுத்து, அதற்குத் தீ வைப்பார். மரம் எரிய எரிய, கோபுரம் தானே சாயும். நேசித்ததை இடித்துச் சம்பாதித்த மனிதர் தொழில் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசும்போது அதில் ஏக்கம் உண்டு, பாசாங்கு இல்லை. கையால் வேலை செய்தவர் பேசுவதற்கும் எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. அவருடைய தொடர்களில் நான் பார்த்தது கொஞ்சம்தான் என்பதால் ஒப்பீட்டில் முறையாகச் சேர்க்கவில்லை.

டைரீஸில் குறை இல்லாமல் இல்லை. வரலாறு மெலிந்தது. ராபி போகிற போக்கில் ஒரு வருடம், ஒரு பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறந்து மான்செஸ்டரில் நிலக்கரி விலை பாதியாக விழுந்ததன் பொருள் என்ன, மண்வெட்டியோடு வந்த கூலிகள் யார், ரயில் வந்து சரக்குக் கட்டணம் சரிந்த பிறகு படகுக்காரர்கள் ஏன் குடும்பத்தோடு பத்தடி நீள அறைக்குள் குடியேற நேர்ந்தது என்பதற்கெல்லாம் லிஸ் மெக்கைவரிடம்தான் போக வேண்டும். ஆறு பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம்தான். அவர் கால்வாயைப் பணமாகவும் உழைப்பாகவும் பார்க்கிறார். படகுகளில் தீட்டிய ரோஜாப் பூவையும் கோட்டையையும் காட்டி உருகும் தொடர்கள், அதே அறைகளின் நெருக்கடிக்காக 1877இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்ததை மறந்துவிடுகின்றன. இவர் அந்தப் பக்கத்தை விடுவதில்லை. கால்வாய் மீட்பு இயக்கத்துக்கும் இடம் கொடுக்கிறார். மராமத்து அளவுகோலில் இரண்டாம் இடம் தாராளமாகத் தரலாம். நடை மட்டும் கொஞ்சம் வகுப்பறை.

எனவே நேரம் இருப்பவர்கள் டைரீஸில் நாலைந்து பகுதிகளைப் பார்த்துவிட்டு மெக்கைவரிடம் போங்கள், அந்த வரிசையில். முதலில் லாக் கதவின் கனம் தெரிந்துவிட்டால், அதைக் கட்டியவர்களின் கதை வேறு மாதிரி கேட்கும். வீட்டில் வயதான பெற்றோரோடு சேர்ந்து பார்க்கத்தான் ஏதாவது வேண்டும் என்றால், யோசிக்காமல் வெஸ்ட் தம்பதியின் முதல் சில பயணங்களைப் போடுங்கள். அங்கே என் அளவுகோலை நானே எடுத்து வைத்துவிடுவேன்.