நடுக்கடலில் இருப்பவருக்கு ஈரோட்டில் ஒரு கணக்கு

2023 மார்ச் மாதம் என் மகனின் சேமிப்புக் கணக்கில் 1,12,000 ரூபாய் இருந்தது. அதில் ஒரு ரூபாயைக்கூட எடுக்க முடியவில்லை.

கூட்டுறவு வங்கியில் வைத்திருந்த என் எட்டுப் பவுன் நகைக்கு வட்டி கட்டித் திருப்பி வைக்க 28ஆம் தேதி கடைசி நாள். 24ஆம் தேதி ஏடிஎம்மில் அட்டையைச் செருகினால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. கிளைக்குப் போனேன். கேஒய்சி புதுப்பிக்கவில்லையாம்.

“கணக்குக்காரர் நேரில் வர வேண்டும் அம்மா.”

“அவன் கப்பலில் இருக்கிறான். பசிபிக் கடலில்.”

“அப்படியானால் வந்ததும் அனுப்பி வையுங்கள்.”

அவன் வந்தது ஜூலையில். நகைக்கான 19,400 ரூபாயை அண்ணன் மனைவியிடம் (எங்கள் பக்கம் நங்கை என்போம்) கைமாற்றாக வாங்கிக் கட்டினேன். அந்தக் கைமாற்று ஊர் முழுக்கப் பேச்சானது தனிக் கதை.

தப்பு வங்கியுடையது மட்டும் அல்ல. மகனின் சிம் கார்டு என் பழைய பட்டன் போனில், ஏடிஎம் அட்டை என் பர்ஸில், ரகசிய எண் சமையலறை நாட்காட்டியின் பின்பக்கம். அவன் பெயரில் நான் ஒளிந்துகொண்டு கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த கப்பல் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் ஓட்டுகின்றன. சிக்கல் ஒன்று வரும்வரை நன்றாகத்தான் ஓடும். வந்துவிட்டால் அந்தக் கவுன்டரில் நமக்குப் பெயரும் இல்லை, உரிமையும் இல்லை.

நான் சங்ககிரிக்காரி. என் கணவர் இருபத்திரண்டு ஆண்டுகள் குஜராத் நடை ஓட்டியவர். இப்போது சொந்தமாக இரண்டு லாரிகள் இருக்கின்றன, அவற்றின் கணக்கு என்னுடையது. அவர் ஓட்டிய நாளில் வீட்டுச் செலவுக்குப் பணம் எதிர் நடையில் ஊர் திரும்பும் ஓட்டுநர் கையில்தான் வரும். பைபாஸ் ஓரம் டீக்கடையில் காத்திருந்து வாங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை. எனவே தூரத்தில் சம்பாதிப்பவரின் பணத்தை வீட்டிலிருந்து நடத்துவது எனக்குப் புதிதல்ல. கடலுக்கும் லாரிக்கும் நடுவில் இத்தனை காகிதம் இருக்கிறது என்பதுதான் புதிது.

அந்த ஜூலையில் அவன் இறங்கிய பிறகு, செப்டம்பரில் ஈரோட்டில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் அவனுக்கு என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் சம்பாதிக்கும் இந்தியர் அந்தப் பணத்தை இங்கே ரூபாயில் வைக்கும் கணக்கு) தொடங்கினோம். ‘கடலோடிகளுக்கான சிறப்புக் கணக்கு’ என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். ஒன்றே முக்கால் ஆண்டு பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விதி எல்லா வங்கிக்கும் ஒன்றுதான், கிளையில் உட்கார்ந்திருப்பவர்தான் வேறு.

முதல் நாளே கணினி அடம் பிடித்தது. பாஸ்போர்ட், சிடிசி (கடலோடியின் பணிப் பதிவுப் புத்தகம்), கம்பெனியின் வேலை ஒப்பந்தம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. ‘வேலை விசா எங்கே, வெளிநாட்டு முகவரி எங்கே’ என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது. துபாயில் வேலை பார்ப்பவருக்குச் செய்த படிவம் அது. கப்பலுக்கு ஏது கதவு எண்? பையன் கப்பலின் பெயரைச் சொன்னான். அந்தப் பெண் சிரிக்காமல், “தெருப் பெயர்?” என்றாள். கடைசியில் மேலாளர் வந்து, கடலோடிக்கு சிடிசியும் ஒப்பந்தமும் போதும் என்று சொல்லி, கம்பெனியின் சிங்கப்பூர் முகவரியைப் போட்டு முடித்தார். இரண்டரை மணி நேரம். கண்ணாடியில் ஒட்டியதை உள்ளே இருப்பவர்களுக்கும் ஒரு முறை படித்துக் காட்டியிருக்கலாம்.

அதே மேலாளர்தான் எனக்குப் பெரிய உபகாரமும் செய்தார். என்ஆர்இ கணக்கில் இந்தியாவில் இருக்கும் நெருங்கிய உறவினரையும் சேர்க்கலாம், ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்ற முறையில். பையன் காலம் முழுக்க அது அவன் கணக்கு. நான் அவன் எழுதிக் கொடுத்த அதிகாரத்தின் பேரில் இங்கே பணம் எடுக்கலாம், கட்டணங்கள் கட்டலாம். என் பெயரில் தனி அட்டை, என் போனுக்கே ஓடிபி. பையனின் சிம் கார்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். நாட்காட்டியின் பின்பக்கத்தையும் கிழித்துவிட்டேன். இதற்காக மட்டுமே ஐந்துக்கு ஐந்து தருவேன். ஆனால் இந்தக் காகிதத்தில் பையன் கரையில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கப்பல் ஏறிய பிறகு அலைவதில் பயன் இல்லை.

செய்யக்கூடாதவையும் உண்டு. லாரி வாடகைப் பணம் நாற்பதாயிரத்தை அந்தக் கணக்கில் கட்டப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்கள். இந்திய ரூபாய் வருமானம் என்ஆர்இயில் போகாது, அதற்கு என்ஆர்ஓ என்று வேறு கணக்கு. முடங்கிக் கிடந்த பழைய சேமிப்புக் கணக்கை அப்படித்தான் மாற்றினோம். அதில் வரும் வட்டிக்கு முப்பது சதவீதமும் மேல்வரியும் முதலிலேயே பிடித்துவிடுகிறார்கள், ஆகவே அதில் நிறைய வைக்காதீர்கள். இன்னொன்று, அதிகாரம் பெற்றவர் கணக்குக்காரரின் சார்பில் இங்குள்ள யாருக்கும் அன்பளிப்பு கொடுக்க முடியாது.

இந்தக் கடைசி விதியை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு பட்டு வேட்டி எடுத்துக் கொடுக்கலாம். கப்பல் என்றதும் சொந்தபந்தம் அத்தனையும் டாலர் மழையை நினைத்துக்கொள்கிறது. கேடட்டுக்கு, அதாவது பயிற்சியில் இருக்கும் என் மகனைப் போன்றவருக்கு, மாதம் 400 டாலர் என்று சொன்னால் நம்புவாரில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் கொழுந்தனார் மகன், “பெரியம்மா, தம்பி கணக்கில் சும்மாதானே கிடக்கிறது, ஒரு லட்சம் கொடுங்கள், டயர் மாற்ற வேண்டும்” என்று வந்து நின்றான். ரிசர்வ் வங்கி விதி என்றேன். கடனுக்கும் அன்பளிப்புக்கும் வித்தியாசம் உண்டு என்று அவனுக்குத் தோன்றவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இனி குறைகள். 2024 ஜனவரியில் இரண்டாவது கப்பலிலிருந்து வந்த முதல் பணத்தின் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, டிரிப் ஷீட் பார்ப்பதுபோலப் பார்த்தேன். 400 டாலரில் 50 கப்பலிலேயே அவன் செலவுக்கு. மீதி 350ஐ வீட்டு அலாட்மென்ட்டாகக் கம்பெனி அனுப்பியது. இங்கே வந்து சேர்ந்தது 332. நடுவில் ஏதோ ஒரு வங்கி 18 டாலர் எடுத்துக்கொண்டது. அன்றைய செய்தித்தாளில் டாலர் 83.20 ரூபாய், எங்களுக்குக் கொடுத்த விலை 82.10. செலாவணி மாற்றியதற்கு ஜிஎஸ்டி 49 ரூபாய். கணக்கில் விழுந்தது 27,208 ரூபாய். செய்தித்தாள் விலைக்கு 350 டாலரும் முழுதாக வந்திருந்தால் 29,120. ஆக 1,912 ரூபாய் வழியிலேயே சிந்திவிட்டது. சங்ககிரியில் எந்தப் புரோக்கரும் இந்தக் கமிஷன் கேட்கத் துணிய மாட்டார்.

சீட்டை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். நடு வங்கியின் 18 டாலர் எங்கள் கையில் இல்லை என்றார்கள், அது நியாயம்தான். விலையைப் பற்றிக் கேட்டதும், “கேட்டால் குறைப்போம் அம்மா” என்றார்கள். கேட்காதவருக்கு ஒரு விலை! அடுத்த முறை வித்தியாசம் 1.10 ரூபாயிலிருந்து 50 காசுக்கு இறங்கியது.

18 டாலரை மிச்சம் பிடிக்க, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேர்த்து அனுப்பச் சொல்லலாமா என்று பையன் கேட்டான். கணக்குப்படி அது லாபம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, எந்தக் கம்பெனியிடமும் இரண்டு மாதத்துக்கு மேல் வாடகை நிலுவை விடக்கூடாது. விட்டுக் கெட்டிருக்கிறோம். பையன் கப்பலிலிருந்து எழுதினான், சர்வதேசக் கடல் தொழிலாளர் உடன்படிக்கையிலும் இரண்டு மாதம்தான் கணக்காம். 2006இல் போட்ட உடன்படிக்கை, இந்தியா 2015இல் சேர்ந்தது. சம்பளம் மாதத்துக்கு ஒரு முறையாவது கொடுக்க வேண்டும், குடும்பத்துக்கு அனுப்ப வழி செய்ய வேண்டும், அதற்கு எடுக்கும் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தை முதலாளி நிறுத்திவிட்டுக் கைகழுவினால் மாலுமி கைவிடப்பட்டவராகக் கருதப்படுவார். நிலுவையில் நான்கு மாதம் வரை ஈடுகட்டக் கப்பலுக்கு முன்கூட்டியே நிதிப் பொறுப்பு எடுத்து வைத்திருக்க வேண்டும். ஜெனீவாவில் உட்கார்ந்து முடிவு செய்தவர்களும் என் கணவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று எழுதிக் கொடுத்தான்.

மாதாமாதம் கப்பலில் தரும் சம்பளச் சீட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். ‘பாண்ட் 11.40’ என்று ஒரு வரி. என்ன அது என்று கேட்டேன். பதில் ஒன்பது நாள் கழித்து, ஏதோ துறைமுகத்தில் நெட் கிடைத்தபோது வந்தது. பற்பசை, சாக்லேட், ஒரு பெட்டி ஜூஸ். கப்பலில் கடை உண்டு, வாங்கியதைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். சாக்லேட்டைக் கேள்வி கேட்டுவிட்டோமே என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வங்கியின் மீது உள்ள பெரிய வருத்தம் நிலை வைப்பு விஷயத்தில். கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த தம்பி (எங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ள இதுவரை மூன்று தம்பிகள் மாறியிருக்கிறார்கள்) ஆண்டுக்கு ஒரு லட்சம் கட்டும் காப்பீட்டுத் திட்டத்தை விற்கத்தான் குறியாக இருந்தார். ஆண்டுக்கு நான்கு லட்சத்தைத் தொடாத, அதுவும் கப்பலில் இருக்கும் மாதங்களில் மட்டும் வரும் ஸ்டைபண்டில் (பயிற்சிக் கால ஊதியத்தில்) ஒரு லட்சம்! வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மார்ச்சில் 60,000 ரூபாயை என்ஆர்இ நிலை வைப்பாகப் போட்டேன். டிசம்பரில், கப்பல் அதிகாரி ஆவதற்கான செகண்ட் மேட் தேர்வுக்குச் சென்னையில் வகுப்புக் கட்டணம் கட்ட உடைத்தேன். வட்டி பூஜ்யம். என்ஆர்இ வைப்பு ஓராண்டுக்கு முன் உடைத்தால் வட்டியே கிடையாதாம். காப்பீட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவர் இந்த ஒரு வரியைச் சொல்லவில்லை.

கேடட் வீடுகளில் இந்தப் பள்ளத்தை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. ஒப்பந்தம் முடிந்து இறங்கினால் அடுத்த மாதம் ஸ்டைபண்ட் கிடையாது. பதினெட்டு மாதக் கடல் பணி முடிந்ததும் படிப்பு, தேர்வு, விடுதி என்று செலவு மட்டும் வரும். எங்களுக்கு அந்த 60,000 இல்லையென்றால் மறுபடியும் நகைதான் போயிருக்கும். இதற்கு நடுவில் ‘நல்ல கப்பலில் ஏற்றிவிடுகிறேன், மூன்று லட்சம் கொடுங்கள்’ என்று ஒருவர் வேறு வந்தார். மாலுமிகளை வேலைக்கு எடுக்கும் உரிமம் பெற்ற ஏஜென்சிகள் வேலைக்கென்று அவர்களிடம் பணம் வாங்கக்கூடாது என்பது சட்டம். உரிமம் பெற்றவர்கள் பட்டியல் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அவர் பெயர் அதில் இல்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வரி விஷயத்தில் கிளையை நம்பாதீர்கள். ‘என்ஆர்இ என்றால் வரியே இல்லை’ என்று அந்தத் தம்பி சொன்னார். ஆடிட்டர் பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்துக்கொண்டு நாள் எண்ணினார். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் அந்த ஆண்டுக்கு வரிக்கணக்கில் அவன் உள்ளூர்க்காரன். 2022 நவம்பர் 12இல் போய் 2023 ஜூலை 24இல் வந்தான். மறுபடி 2023 டிசம்பர் 8இல் போய் 2024 செப்டம்பர் 20இல் வந்தான். இரண்டு பயணமும் எட்டு, ஒன்பது மாதம். ஆனாலும் நடுவில் உள்ள 2023-24 ஆண்டுக்கு மட்டும்தான் அவன் வெளிநாட்டுக்காரன். இங்கே 182 நாளுக்குக் குறைய வேண்டுமானால் 184 நாள் வெளியே இருக்க வேண்டும், 2024-25இல் கடலில் இருந்தது 173 நாள். பதினொரு நாள் போதவில்லை! மார்ச் 31 கப்பலைப் பார்த்து நிற்பதில்லை, ஒரே பயணத்தை இரண்டாக வெட்டிவிடுகிறது.

ஸ்டைபண்ட் சின்னது என்பதால் வரி ஒன்றும் வரவில்லை. மூன்றாம் அதிகாரி சம்பளம் வாங்கும்போது இதே பதினொரு நாள் பெரிய தொகையாக நிற்கும், ஆகவே இப்போதே ஒரு நோட்டில் தேதிகளை எழுதி வருகிறேன். வெளிநாட்டவராகக் கணக்காகும் ஆண்டில், வெளிநாட்டுப் பயணக் கப்பலில் உழைத்த சம்பளம் இங்குள்ள என்ஆர்இ கணக்கில் வந்து விழுந்தது என்பதற்காக மட்டும் வரி கிடையாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எண் 13. கிளையில் யாரும் அதைப் பார்த்ததில்லை. நான் கொடுத்த நகல் மேலாளர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. கணக்குக்கு நான்கரை, கண்ணாடி அறைத் தம்பிகளுக்கு இரண்டு. அழைப்பு மையத்துக்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை. கணக்குக்காரரிடம்தான் பேசுவோம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

போகிறவர்கள் பையனையும் கூட்டிக்கொண்டு, கப்பல் ஏற இரண்டு வாரமாவது இருக்கும்போது போங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். ஜவுளிச் சந்தை நாள், வியாபாரிகள் பணக்கட்டோடு நிற்பார்கள், டோக்கன் நூறைத் தாண்டிவிடும்.