ஆடிக் காற்றில் ஒரு லைகா

நான் இருக்கிற ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் திருவிழா வரும். ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை, ஆனால் அந்தப் பத்து நாளில் ஒரு சாயங்காலமாவது கோயில் தெருவுக்குப் போகாமல் எங்கள் ஊரில் யாரும் வளர்ந்ததில்லை. நாலு வருஷம் கழித்து இந்தத் தடவைதான் தேதி ஒத்துவந்தது. கூடவே ஒரு விஷப்பரீட்சையும் செய்தேன், வழக்கமாகப் போனை மட்டும் கொண்டுபோகிறவன் இந்த முறை லைகா கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். ரோடு எப்படி, ரயில் எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது இந்த ஒரு பொருளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் பட்ட பாடு, அதற்கு எங்கே நல்ல கை கிடைத்தது என்பது மட்டும்தான்.

தெரியாதவர்களுக்காக: இது எம்10, 2017-இல் வந்த மாடல், நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்படியும் லென்ஸோடு சேர்த்தால் ஊரில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம், இதை என் அம்மாவிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம். 24 மெகாபிக்ஸல், ஃபுல் ஃபிரேம் சென்சார். ஆட்டோஃபோகஸ் கிடையாது, வீடியோ கிடையாது, யுஎஸ்பி வயர் செருக ஓட்டைகூடக் கிடையாது. கார்டோ பேட்டரியோ மாற்ற வேண்டுமென்றால் அடித்தகட்டையே கழற்ற வேண்டும், மூன்றாவது கை இல்லாதவர்கள் அதை வாயில் கவ்விக்கொள்வார்கள், நானும்தான்.

ஃபோகஸ் எப்படி என்றால், முன்பக்கம் இரண்டு ஜன்னல், இரண்டுக்கும் இடையே 69.31 மில்லிமீட்டர். கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எல்லாம் இரட்டையாகத் தெரியும், லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து எந்த இடத்தில் ஒன்றாகிறதோ அந்த இடம் ஷார்ப். லென்ஸின் பின்விளிம்பு உள்ளே இருக்கிற ஒரு குட்டி உருளையைத் தள்ளும், உருளை ஒரு கம்பியை அசைக்கும், அந்த அசைவுதான் இரட்டைப் படத்தை நகர்த்துகிறது. 1954-இல் எம்3 வந்த காலத்து ஏற்பாடு இது, ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சார் வந்தபிறகும் மாறவில்லை. இன்னொன்று, நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை. மூடியைக் கழற்ற மறந்தாலும் உலகம் பளிச்சென்றுதான் தெரியும். கொடியேற்றத்தன்று நல்ல வெயிலில் பட்டனை அமுக்கினேன், "க்ளிக்" கேட்டது, அதற்குப் பிறகு சத்தமே இல்லை. இருட்டு என்று நினைத்து ஷட்டர் திறந்தபடியே நின்றுகொண்டிருக்கிறது. லென்ஸில் மூடி.

விமானப் பயணம் பெரிய கதை இல்லை. கேமரா கைப்பையில்தான், உதிரி பேட்டரிகளும் கைப்பையில்தான், லித்தியம் பேட்டரியைத் தனியாகச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. முனைகளில் டேப் ஒட்டி ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்னப் பையில் போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சென்னையில் சுங்கத்தில் ஒருவர் பையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், "புதுசா?" என்றார், மூலையெல்லாம் கருப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிற உடம்பைக் காட்டினேன், சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார். உண்மையில் யோசிக்க வேண்டியது திரும்பி வரும் பக்கம்தான். ஜெர்மனிக்குள் விமானத்தில் வருகிறவருக்கு 430 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள புதுப்பொருள் இருந்தால் வரி உண்டு, இது இங்கேயே வாங்கியது என்று காட்ட பில்லாவது கையில் இருக்க வேண்டும். போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் பொருளைக் காட்டிச் சீரியல் நம்பரோடு ஒரு சான்று வாங்கிக்கொள்ளலாம், நான் வாங்கிக்கொண்டேன், கால் மணி நேர வேலை.

கோளாறு ரயிலில் தொடங்கியது. எழும்பூரிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ், ஏசி பெட்டி, கீழ் பெர்த். தலைமாட்டில் வைத்துப் படுக்க வேண்டிய பையை, முதுகு வலிக்கிறதென்று ஜன்னல் பக்கத்துக் கொக்கியில் மாட்டினேன். விழுப்புரம் தாண்டியிருக்கும், "தொப்". என் தப்புதான், யாரையும் சொல்ல முடியாது. எடுத்துப் பார்த்தேன், கீறல்கூட இல்லை, தப்பித்தோம் என்று படுத்துவிட்டேன். காலையில் இறங்கினால் அடுத்தது: ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த கண்ணாடி, பிளாட்பாரத்துக் கடல்காற்று பட்டதும் பால் ஊற்றினது மாதிரி வெளுத்துவிட்டது. துடைக்கவே கூடாது, லென்ஸைக் கழற்றவும் கூடாது, கழற்றினால் அந்த ஈரம் சென்சாரிலும் உட்காரும். ஏசியை விட்டு வெளியே வருமுன்பே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிட்டால் ஈரம் பைக்கு வெளியே படியும், உள்ளே கேமரா மெல்லச் சூடேறிக்கொள்ளும். அரை மணி நேரம் பொறுத்தால் போதும். தெரிந்த விஷயம்தான், தூக்கக் கலக்கத்தில் செய்யவில்லை.

வீட்டில் அக்கா பிள்ளைகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, ஸூம் எங்க?" "இல்ல." "ரீல்ஸ் எடுக்கலாமா?" "எடுக்க முடியாது." சின்னவன் ரொம்பப் பரிதாபமாக என்னைப் பார்த்தான். அம்மா வேறு மாதிரி. ஈரம் ஆகாது என்று நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, மத்தியானம் நான் தூங்கும்போது கேமராவைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தாள். "தண்ணியில விழுந்த போன அப்படித்தானே வைப்பீங்க?" லாஜிக் சரிதான். ஆனால் அரிசித் தவிடு மாவு மாதிரி, வளைய இடுக்கில் போனால் திருப்பும்போதெல்லாம் நறநறக்கும். நல்லவேளை துணி கெட்டித் துணி. அன்றைக்கே பஜாரில் ரப்பர் வளையம் வைத்து இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் சம்படம் ஒன்று வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அதற்குள் குடிவைத்தேன்.

படங்களைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. லென்ஸ் வாயை அகலத் திறந்து எஃப்2-இல் எடுத்த முகங்கள் எல்லாவற்றிலும் கண்ணுக்குப் பதில் மூக்கு நுனி ஷார்ப். ரயிலில் விழுந்ததில் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது இரட்டைப் படத்தைச் சேர்த்துக் காட்டுகிற அந்த ஏற்பாடு, விலகிவிட்டது.

மச்சான் சொல்லித்தான் அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். வெளியே ஃபிளெக்ஸ் போர்டு, உள்ளே கரிஷ்மா ஆல்பம் அடுக்கி வைத்த ஷோகேஸ், பாஸ்போர்ட் போட்டோவுக்கு நீலத் திரை, எல்லா ஊரிலும் இருக்கிற ஸ்டுடியோதான். கம்ப்யூட்டரில் மகன் இருந்தார். பின்னால் நாற்காலியில் அப்பா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கேமராவை வெளியே எடுத்ததும் மகன் "பிராண்ட் என்ன சார்?" என்றார், சிவப்புப் புள்ளியைக் கருப்பு டேப் வைத்து மறைத்திருந்தேன். பின்னால் இருந்த அண்ணாச்சி எழுந்தே வந்துவிட்டார்.

"ரெண்டு படம் ஒண்ணு சேரணும், அந்த ரகம்லா?"

அவரிடம் யாஷிகா எலெக்ட்ரோ 35 இருந்ததாம், இருபது வருஷம் கல்யாணம் எல்லாம் அதில்தான். அந்தக் காலத்தில் கப்பலில் வருகிறவர்கள் கொண்டுவந்து விற்பார்களாம். என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். லென்ஸைக் கடைசி எல்லை வரை திருப்பி முடிவிலிக் குறியில் நிறுத்திவிட்டு, அனல் மின் நிலையப் புகைபோக்கியைப் பார்க்கச் சொன்னார். படம் எடுக்கவில்லை, பார்த்தது மட்டும்தான். அத்தனை தூரத்தில் நெட்டுக்குத்தாக நிற்கிற புகைபோக்கி ஒன்றாகத் தெரிய வேண்டும், எனக்கு அதன் ஓரத்தில் ஒரு நூல் கனத்துக்கு இன்னொரு புகைபோக்கி ஒட்டிக்கொண்டிருந்தது. "மேலே கீழே ஏறி இறங்கியிருக்கா?" என்றார். இல்லை. "அப்போ நிமிர்ந்துதான் நிக்கி, பக்கவாட்டுலதான் தள்ளியிருக்கு."

கீழே வந்ததும் மேஜையில் தினத்தந்தியைச் சாய்வாக விரித்து, ஒரு மீட்டர் அளந்து, தலைப்புச் செய்தியில் ரேஞ்ச்ஃபைண்டரை வைத்து ஃபோகஸ் செய்யச் சொன்னார். இப்போது பின்திரையில் லைவ் வியூ (லென்ஸ் வழியாகச் சென்சார் பார்ப்பது) போட்டுப் பெரிதாக்கினால், தலைப்பு மங்கல், அதற்கு முன்னால் இரண்டு வரி தள்ளி எழுத்து கத்தி மாதிரி நிற்கிறது. இந்தச் சோதனையை நான் படித்திருக்கிறேன், செய்ததில்லை. அவர் எங்கும் படித்திருக்க மாட்டார்.

லென்ஸைக் கழற்றினால் மேலே அந்த உருளை தெரியும், அதன் நடுவில் சின்னத் திருகு. அதை ஒரு இம்மி திருகிச் சரிசெய்கிற வீடியோக்கள் நிறைய உண்டு, எனக்கும் கை துறுதுறுத்தது. "நீங்களே சரிபண்ணிருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "தம்பி, பண்ணலாம். தூரத்தச் சரிபண்ணினா கிட்டத்துல விட்டுப்போகும், கிட்டத்தப் பிடிச்சா தூரம் போகும், ரெண்டையும் மாத்தி மாத்திப் பிடிக்கணும், அதுக்குச் சாமான் வேணும். எங்கிட்ட இல்ல. உங்க பக்கத்துல கம்பெனியே இருக்கு, அங்க குடுங்க." அதுவரை? லென்ஸ் மேலே எழுதியிருக்கிற தூரக்கணக்கு கீழே விழுந்ததில் கெடவில்லை, ரேஞ்ச்ஃபைண்டரை மறந்துவிட்டு அதை நம்பச் சொன்னார். 35 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்8 வைத்து 5 மீட்டரில் நிறுத்தினால் ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக விழும். கூட்டத்தில் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதும் இல்லை. திருவிழாப் படங்கள் முழுக்க அப்படி எடுத்தவைதான், சொல்லப்போனால் இதற்கு முன் எடுத்ததைவிட நன்றாகவே வந்திருக்கின்றன.

காசு வாங்கவில்லை. பதிலாகப் பீரோவிலிருந்து ஒரு பழைய லென்ஸை எடுத்து டார்ச் அடித்துக் காட்டினார், உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக ஓடியிருக்கிறது. பூஞ்சை. தோல் உறைக்குள் வைத்து மூடியே வைத்திருந்ததாம். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், நம்மூர் கடற்கரைக்கு அது எமன். என் கேமராவின் அழகான தோல் உறை அன்றோடு சூட்கேஸுக்குப் போய்விட்டது. நீல சிலிக்கா ஜெல் ஒரு பாக்கெட்டும் கொடுத்தார், ரோஸ் நிறமாகிவிட்டால் சட்டியில் வறுத்தால் திரும்ப நீலமாகும், ஆனால் அந்த நீலச் சாயம் நல்லதில்லை, சமையலுக்குப் புழங்குகிற சட்டி வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். அம்மாவைப் பற்றி அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

திருச்செந்தூர் போன அன்று கேமராவை எடுக்கவில்லை. கோயிலுக்குள் செல்போனுக்கே தடை, இதை எங்கேயாவது டோக்கன் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடலில் முங்க எனக்கு மனசு வராது.

அடுத்த தப்பு உப்பளத்தில். விடிகாலை, பாத்தி பாத்தியாகத் தண்ணீரில் வானம், குவித்த உப்பு, பலகை வைத்து உப்பு வாருகிறவர்கள், எவனுக்கும் புத்தி பேதலிக்கும். 35 லென்ஸைக் கழற்றி 50-ஐப் போட்டேன், ஆடி மாதக் காற்றில், வெட்டவெளியில். அம்மியே பறக்கிற காற்றில் உப்புத்தூளா நிற்கும்? இந்தக் கேமராவில் தூசியைத் தானாக உதறிவிடும் வசதி இல்லை. வீட்டுக்கு வந்து எஃப்16 வைத்து வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் சென்சாரில் ஏழு தூசிப் புள்ளி. உடம்பின் வெளியே ஒட்டிய உப்பை மட்டும் முதலில் புளோயரால் ஊதிவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தேன். காய்ந்த உப்பை அப்படியே தேய்த்தால் அது உப்புக்காகிதம்தான்.

சென்னைக்குத் திரும்பியதும் சென்சார் கிளீனிங்குக்கு ஒரு பெரிய கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். ஏசி, டை கட்டின பையன், டோக்கன் மெஷின், எல்லாம் இருக்கிறது. பையன் ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே லென்ஸைக் கழற்றி, வாயை மேலே பார்க்க வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் கீபோர்டு ஊதுகிற ஸ்ப்ரே டப்பாவை எடுத்தான். அது காற்று இல்லை, வாயு. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் திரவமாகவே பீய்ச்சும், சென்சார் மேல் இருக்கிற கண்ணாடியில் கறை பிடித்தால் பிறகு ஊதிப் போகாது. "தம்பி, வேண்டாம்" என்று மூடி வாங்கிக்கொண்டேன். "எல்லா மாடலும் பண்றோம் சார்" என்றான், முகம் சுண்டிவிட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லவும் அந்தக் கடையில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அத்தை வீட்டுக் குளியலறையில் நானே செய்தேன், ஃபேன் இல்லாத, புழுதி குறைந்த இடம் வீட்டில் அதுதான். பேட்டரி நிறையச் சார்ஜ் இருக்க வேண்டும், பாதியில் தீர்ந்தால் ஷட்டர் உங்கள் கைமேலேயே மூடும். மெனுவில் சென்சார் கிளீனிங் போய் ஷட்டரைத் திறந்து, வாய் தரையைப் பார்க்கப் பிடித்து, ரப்பர் புளோயர் மூக்கு உள்ளே நுழையாமல் பத்துப் பன்னிரண்டு தடவை அமுக்கினேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஏழில் ஐந்து போனது. மீதி இரண்டையும் விட்டுவிட்டேன்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பு அண்ணாச்சி மகனிடம் அறுபது படம் மேக்ஸி சைஸில் மேட் பேப்பரில் போட்டு வாங்கியிருந்தேன், அதற்குக் காசு வாங்கிக்கொண்டார்கள், ஜிபேயில். கலர் துல்லியமாக இருந்தது, உப்பு வெள்ளையாகவே இருந்தது, நீலம் தட்டவில்லை. கூடவே அரைக்கிலோ மக்ரூன்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து லைகா கம்பெனி இருக்கிற வெட்ஸ்லருக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கேமராவைக் கொடுத்து, கோளாறு எந்தப் பக்கம், எவ்வளவு என்று அண்ணாச்சி சொன்னபடியே எழுதிக்கொடுத்தேன். எதை வைத்துச் சோதித்தீர்கள் என்று கவுன்டரில் இருந்த பெண்மணி கேட்டார், புகைபோக்கியும் செய்தித்தாளும் என்றேன், அதையும் குறித்துக்கொண்டார். சில வாரத்தில் திரும்பி வந்தது, அந்த இரண்டு புள்ளியும் இல்லாமல்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி மகனின் போனிலிருந்து வாய்ஸ் மெசேஜ். "தம்பி, பொகபோக்கி ஒண்ணாயிட்டா?" இங்கே புகைபோக்கி இல்லை, வெட்ஸ்லரில் ஒரு கோபுரத்தைக் கட்டிவிட்டு இன்னொன்றைப் பாதியில் விட்ட பழைய சர்ச்தான் இருக்கிறது, அதை ஆற்றங்கரையில் நின்று பார்த்தேன், ஒரே கோபுரம்தான் தெரிகிறது என்று பதில் போட்டேன்.