நேரியமங்கலம் பாலம்: லோடு வண்டி ஓட்டுகிறவனின் அனுபவம்

வட்டவடை, காந்தளூர் பக்கம் பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு கொச்சிக்கு இறங்கும் எங்கள் மாதிரி பிக்கப்காரர்களுக்கு, கேரளாவில் கொச்சி–மூணாறு சாலையில் இருக்கும் நேரியமங்கலம் பாலம் பழகிப்போன ஒன்று. பல வருஷம் ஓட்டியதில் சொல்கிறேன்: பாலத்தின் உறுதியில் குறை இல்லை, வம்பெல்லாம் அகலத்தில்தான்.

1924 வெள்ளத்தில் மாங்குளம் வழியாகப் போன பழைய ஆலுவா–மூணாறு சாலை அழிந்தது. அப்புறம் இந்தப் பக்கமாகப் புதுச் சாலை போட்டு, பெரியாற்றின் மேல் இதைக் கட்டினார்கள். 1935 மார்ச் 2-ல் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் திறந்துவைத்தார். தூரத்தில் பார்த்து இரும்பு ஆர்ச் என்று நினைப்பவர்கள் உண்டு, இது கான்கிரீட்.

நீளம் 214 மீட்டர், அகலம் 4.9 மீட்டர். ஒரு பஸ்ஸே இரண்டரை மீட்டர் இருக்கும், எதிரே இன்னொன்று வந்தால் கதை முடிந்தது. அகலப்படுத்தலாமே என்றால், முடியாது. சாலை இங்கே வளைவின் முதுகில் கிடக்கவில்லை. இரு பக்க வளைவுகளிலிருந்தும் இறங்கும் கான்கிரீட் கால்களில் தொங்குகிறது. அடியில் வெள்ளம் போகத் தாராளமாக இடம், மேலே இரு பக்கமும் அடைப்பு. வளைவு தரையைத் தொடும் இடத்தில் உரசிப்போன வண்டிகளின் பெயிண்ட் கீறல் இருக்கும், பாருங்கள்.

2018 ஆகஸ்டில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணையை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்தார்கள். ஐந்து ஷட்டர் தண்ணீரும் இந்த வழியாகத்தான் இறங்கியது. மேலே மலைச்சாலை பல இடத்தில் சரிந்தது, பாலம் அசையவில்லை. இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

எதிர்ப்பக்கம் வண்டி ஏறிவிட்டால் நின்றுவிடுங்கள். சிக்கலே முன்னால் போகிறவனை ஒட்டிக்கொண்டு நுழையும் மூன்றாவது வண்டியால்தான். "அண்ணே, விட்றாதீங்க, பின்னாடியே போயிருங்க" என்று க்ளீனர் பையன் உசுப்பேத்துவான், காதில் வாங்காதீர்கள். நடுப்பாலத்தில் ரிவர்ஸ் எடுப்பது லோடோடு பெரிய கொடுமை. சனிக்கிழமை காலையில் ஏறும் கூட்டம், ஞாயிறு சாயங்காலம் இறங்கும் கூட்டம். நான் விடியும் முன்பே கடந்துவிடுவேன்.

பக்கத்தில் புதுப் பாலம் வேலை நடக்கிறது. அது வந்தாலும் பழையதை செல்ஃபி எடுக்க மட்டும் விட்டுவிடாமல் ஒருவழியாகவாவது ஓட விடவேண்டும் என்பது என் கட்சி. மூணாறுக்கு ஏறுகிறவர்கள் டீயையும் டீசலையும் நேரியமங்கலத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பாலம் தாண்டினால் வாளறை வரை காடுதான், ராத்திரியில் யானையும் நிற்கும்.